பேர் தெரியாமல் பார்த்த காதுகுத்து

கோபக்காரன் வேவு பார்க்கப் போகக் கூடாது. வேவு பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். பார்த்ததைப் பார்க்காததுபோல முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். முக்கியமாக வாயைக் கட்ட வேண்டும். எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு இதில் ஒன்றுகூட வராது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்தச் சமயத்தில் மட்டுகூட இல்லை, சுத்தமாக ஸ்டாக் தீர்ந்திருந்தது.

என் தங்கை கவிதாவின் வீட்டுக்காரர் கார்த்தி. எனக்கு மாப்பிள்ளை. இரண்டு பேரும் சேர்ந்துதான் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தோம். ஒருநாள் சாயப்பட்டறையிலிருந்து வந்த மாதிரித் துணியை நான் பார்த்து, நீலம் சரியாக இருக்கிறது, சாயம் போடலாம் என்று சொல்லிவிட்டேன். துணி முழுக்கச் சாயம் ஏறி வந்த பிறகு வெளியே வெயிலில் விரித்தால் கறுப்பு. (ஷேட் பார்ப்பதற்கென்று தனி லைட் பெட்டி உண்டு. நான் டியூப்லைட்டில் பார்த்தேன். அவசரம்.) தவறுதான். அதற்காக, சரக்கு வாங்க வந்த பையரின் ஆட்கள் முன்னால் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "எங்க மச்சானுக்குக் கண்ணு கொஞ்சம் அப்படித்தானுங்க" என்று சொல்வதா?

அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கே தொழிலைப் பிரித்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினேன். இனி அவன் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று ஊரறியச் சொன்னேன். வீட்டுக்கு வந்து என் மனைவி மல்லிகாவிடம், "அந்த ஊட்டுப் பேச்ச இங்க யாரும் எடுக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டேன். அவள், "சரிங்க" என்றாள். இருபது வருடக் குடித்தனத்தில் நான் சொன்னதை அவள் அப்படியே கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

பேச்சு நின்றுவிட்டது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளை தன் புதுக் கம்பெனிக்கு, படம் போடும் தளம் ஒன்றில் பக்கம் வைத்திருந்தான். பெயர்தான் கம்பெனிப் பக்கம். பாதிக்குப் பாதி கவிதாவின் குழந்தை இனியாவின் படம். குழந்தைக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை. அதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அங்கே ஸ்டோரி என்று ஒன்று போடுகிறார்கள். அதை யார் யார் பார்த்தார்கள் என்று போட்டவனுக்குப் பெயரோடு தெரிந்துவிடும். நான் பார்த்தேன் என்று அவனுக்குத் தெரிவதைவிட என் கண் நிஜமாகவே அவிந்துபோகட்டும் என்று இருந்தேன்.

இந்தச் சிக்கலை என் கம்பெனியில் டிசைன் பார்க்கும் செல்வராணியிடம், யாருக்கோ வந்த சிக்கல்போலக் கேட்டேன். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண்.

"சார், அதுக்கு வேற சைட்டு இருக்குல்லா. நீங்க நேரா போகாண்டாம். அந்த சைட்டு உங்களுக்குப் பதிலா போயி அந்தப் பக்கத்த எடுத்துட்டு வந்து காட்டும். போனது அந்த சைட்டுன்னுதான் அங்க தெரியும். உங்க பேரே வராது."

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க யாருக்கோன்னுல்லா கேட்டீங்க" என்றாள்.

முதலில் ஒரு தளத்தைக் காட்டினாள். அது கேட்ட போன் நம்பரைத் தட்டியதும் படம் வந்தது. நான் சந்தோஷமாகி இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து என் போனுக்குள் ஊரிலுள்ள விளம்பரமெல்லாம் குடியேறிவிட்டது. தொட்ட இடமெல்லாம் சீட்டு விளையாடக் கூப்பிட்டார்கள். காலையில் ஒரு பெண் போன் செய்து, சார் லோன் வேணுமா என்று இந்தியில் கேட்டாள். மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று போன இடத்தில் மற்ற எல்லோருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. செல்வராணி மீது பாய்ந்தேன்.

அவள் அலட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு தளத்தைக் காட்டினாள். "இவன் யோக்கியன் சார். உங்க நம்பர் கேக்க மாட்டான், விளம்பரம் கெடையாது, நீங்க யாருன்னே அவனுக்குத் தெரியாது. ஆனா மெதுவாத்தான் வரும். ஒவ்வொரு ஆளுக்கும் போயி எடுத்தா அந்தப் படம் போடுற பெரிய சைட்டுக்காரன் இவன அடைச்சுப் போடுவான். அதனால ஒருவாட்டி எடுத்து வச்சதயே எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருப்பான். எப்ப எடுத்ததுன்னு மேல சின்னதா போட்டிருக்கும். அத மட்டும் பாத்துக்கிடுங்க."

"வேகமாவும் வரணும், எம்பேரும் தெரியக் கூடாது. அப்படி ஒண்ணக் காட்டு."

"ரெண்டும் சேந்து கெடைக்காது சார்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு ராத்திரியில் ஆயிரம் பனியன் தைத்துக் கப்பலேற்றுகிற ஊரில், ஒரு குழந்தையின் படத்தைச் சுருக்காகவும் மறைவாகவும் பார்க்க வழியில்லை என்றால் என்ன விஞ்ஞானம் இது? திட்டிக்கொண்டே அந்த மெதுவான தளத்துக்கு மாறினேன். திறந்தால் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். நான் டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பேன், அப்போதும் சுற்றும். மேலே சின்னதாகப் போட்டிருப்பதை நான் ஒருநாளும் படிக்கவில்லை. நல்ல வெளிச்சத்தில் பார்த்துப் படிக்கிற பழக்கம் எனக்கு இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காதே.

அதில்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அழைப்பிதழைப் பார்த்தேன். இனியாவுக்குக் காதுகுத்து. மறுநாள் ஞாயிறு காலை, பத்தரை மணி வரை நல்ல நேரம், வெள்ளகோவில் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில்.

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். கவிதாவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன். என்னை விட்டால் பெரியப்பா மகன் தங்கமுத்து அண்ணன் இருக்கிறார். விசேஷ வீடென்றால் மேடையில் கால் வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. என் மடி இருக்க அவர் மடியில் என் மருமகளா? யார் அழைத்தால் என்ன, அழைக்காவிட்டால் என்ன, தாய்மாமன் உரிமையை எவனும் எனக்குப் பத்திரிகை அடித்துத் தர வேண்டியதில்லை. போய் நிற்கிறேன், அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கிறேன் என்று முடிவு செய்தேன்.

சாயங்காலமே யாருக்கும் தெரியாமல் சீர் வாங்கினேன். பட்டுப்பாவாடை, பழத்தட்டு, இனிப்பு, மாலை. தங்கக் கம்மலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஜமாப் மேளக்காரர் பழனிச்சாமியிடம் சொல்லி ஒரு செட் ஏற்பாடு செய்தேன். ராத்திரி சாப்பிடும்போது மல்லிகா, "நாளைக்கு நான் அம்மா ஊட்டுக்குப் போறனுங்க. உங்களுக்குக் காங்கேயம் பக்கம் ஏதாச்சும் வேல இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"எனக்கு அங்க என்ன வேல? நான் பெருந்துறைக்குப் போறேன்" என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ரசம் ஊற்றினாள்.

ஞாயிறு காலை கம்பெனி டெம்போவில் சீர்த்தட்டுகள், மேளக்காரர்கள், பட்டுச் சட்டையில் நான். காங்கேயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னால் கார்கள் ரோட்டை அடைத்து நின்றன. டெம்போ நகரவில்லை. நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "ரோடென்ன இவனுங்க அப்பன் ஊட்டுச் சொத்தா, விசேஷம் வெச்சா மண்டபத்துக்குள்ள வெச்சுக்க வேண்டியதுதான" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். பழனிச்சாமி, "விடுங்க, நல்ல காரியத்துக்குப் போறப்ப" என்று சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

கோயில் வாசலில் இறங்கும்போதே மேளத்தை அடிக்கச் சொல்லிவிட்டேன். அடி இடி மாதிரி இறங்கியது. மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, மீசையை நீவிக்கொண்டு, உள்ளே நுழைந்தால் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறது. மணல் குவியல். சிமெண்டு மூட்டை. ஒரு நாய் எழுந்து போனது. காவலுக்கு இருந்த ஆள் ஓடி வந்து மேளத்தை நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்க, யாருக்குங்க இந்த மேளம்?"

"காதுகுத்துக்குங்க. நான் தாய்மாமன்."

"திருப்பணிக்கு நாள் குறிச்சு வெள்ளிக்கிழமையே சாமிய எடுத்துத் தனியா வெச்சாச்சுங்களே. இப்ப இங்க விசேஷம் ஒண்ணும் பண்றதில்லீங்க. காதுகுத்து வெச்சிருந்தவிங்க வேற எங்கியோ மண்டபத்துக்கு மாத்திக்கிட்டாங்க. எங்கன்னு எனக்குத் தெரியிலீங்க. உங்களுக்குச் சொல்லுலீங்களா?"

கடைசிக் கேள்விதான் நெஞ்சில் தைத்தது. தாய்மாமனுக்கே தெரியாத காதுகுத்து. மேளக்காரர்கள் எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, ஒரு போனப் போட்டுக் கேட்டர்லாமுங்களே" என்றார் பழனிச்சாமி.

யாருக்குப் போடுவது? மாப்பிள்ளைக்கா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். கவிதாவுக்குப் போட்டால் அடுத்த நிமிஷம் அவனுக்குத் தெரியும். மல்லிகாவைப் பொறுத்தவரை நான் பெருந்துறையில் இருக்கிறேன். ஆகவே அந்த யோக்கியமான, மெதுவான தளத்தைத் திறந்தேன். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அங்கே சிக்னலும் ஒரு கோடுதான். மணி பத்தை நெருங்கியது. நான் போனை ஆட்டினேன், சாரத்தின் மேல் ஏறி நின்று உயர்த்திப் பிடித்தேன், அதன் தாயையும் தகப்பனையும் திட்டினேன். கடைசியில் பக்கம் வந்தது. அதே அழைப்பிதழ், அதே கோயில். அப்போதுதான், வாழ்க்கையில் முதன்முதலாக, மேலே சின்னதாக இருந்ததைப் படித்தேன். வியாழக்கிழமை எடுத்த பிரதி.

வியாழக்கிழமை! மூன்று நாள் பழைய கஞ்சியை எனக்கு ஊற்றியிருக்கிறான். சுடச்சுட என்று நினைத்து நான் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு குடித்திருக்கிறேன். போனை மணலில் வீசினேன். பழனிச்சாமி அதை எடுத்து, ஊதித் துடைத்து, மறுபடி என் கையில் கொடுத்தார்.

"நேராத் தொறந்து பாத்துருங்க. புள்ளைக்கு நேரம் போகுதில்லீங்களா?"

"நேராத் தொறந்தா எம்பேரு தெரியுமய்யா."

"தெரிஞ்சா என்னங்க?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் தெரிந்தால் என்ன? தங்கமுத்து அண்ணன் இந்நேரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பு வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு என் சொந்தப் பெயரில், மாலையும் கழுத்துமாக இருக்கும் என் சொந்தப் படத்தோடு உள்ளே போனேன். உடனே திறந்தது. ஒரு கோடு சிக்னலில், கண் இமைக்கிற நேரத்தில்.

முதல் ஸ்டோரியில், இடம் மாற்றம், காங்கேயம், மண்டபத்தின் பெயர். அடுத்ததில் அதே செய்தி, எழுத்து இன்னும் பெரிதாக. கடைசியில் அன்று காலை எடுத்த படம். மேடையில் ஒரு நாற்காலி, மேலே பட்டு விரித்திருந்தது, யாரும் உட்காரவில்லை. கீழே, 'மச்சான் வந்தால் ஆரம்பித்துவிடலாம்.'

படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"பாத்துட்டீங்களா மச்சான்?"

"என்னத்தப் பாக்கறது? நான் ஒண்ணையும் பாக்குல."

"உங்க பேரு வந்துருச்சுங்க மச்சான். வெள்ளிக்கிழமையில இருந்து அதத்தானுங்க பாத்துக்கிட்டு இருக்கறேன். எங்கீங்க இருக்கீங்க?"

"இங்கதான். பக்கத்துல."

அந்த நேரம் பார்த்து மேளக்காரர் ஒருத்தர் தோலைத் தட்டிப் பார்த்தார். அது போனில் கேட்டிருக்க வேண்டும்.

"கோயிலுக்குப் போயிட்டீங்களா?" என்றான். சிரிக்கவில்லை. "வாங்க மச்சான். நான் ஆசாரியப் புடிச்சு வெக்கறேன்."

திரும்பி வந்த டெம்போவின் வேகத்தில் பழத்தட்டில் இருந்த மாதுளை எல்லாம் மேளங்களுக்கு இடையே உருண்டன. காலையில் நான் கத்திய அதே மண்டபத்தின் முன்னால் டெம்போ நின்றது. அதே கார்கள். இறங்கினேன். நல்ல நேரம் முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

மேடையில் தங்கமுத்து அண்ணன். அவர் மடியில் இனியா, வீறிட்டு அழுதுகொண்டு. ஒரு காதில் தோடு ஏறியிருந்தது. ஆசாரியின் மணிக்கட்டை மாப்பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா, "நேரம் போச்சு, குத்தி முடிங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு காது நேரத்துல குத்தியாச்சுங்கப்பா. இன்னொண்ணு மச்சான் வந்துதான்" என்றான் மாப்பிள்ளை.

முன்வரிசையில், அம்மா வீட்டுக்குப் போன என் மனைவி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "பெருந்துறை வேல முடிஞ்சுதுங்களா?" என்றாள். "காத்தால ரோட்டுல ஒரு ஆளு கத்துனப்பவே, இது உங்க தொண்டையாட்டவே இருக்குதேன்னு கவிதாகிட்டச் சொன்னேன்."

அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து எனக்கு வாய் திறந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் மாப்பிள்ளையைக் கேட்டேன். "பெருசா நாற்காலி போட்டீங்களே, நேர்ல ஒரு வார்த்த வந்து கூப்புட்டா கொறஞ்சா போயிருவீங்க? யாரோ எவனோ மாதிரி நான் போனுலயா பாத்துத் தெரிஞ்சுக்கறது?"

"வந்தனுங்க மச்சான். ரெண்டு வாட்டி. நீங்க உள்ள இருந்துக்கிட்டே இல்லீன்னு சொல்லச் சொன்னீங்க."

(இதை நான் உங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். விட்டுப்போய்விட்டது.)

"அவரு குடுத்த வெத்தல பாக்க நான்தான் வாங்கி வெச்சேன்" என்றாள் மல்லிகா. "அந்த ஊட்டுப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னீங்க. எடுக்குல."

"எடம் மாறினதையாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்கதான் தெனமும் பாக்கறீங்களே. போன மாசம் சோறு திங்கறப்ப, இனியாவுக்குப் பல்லு மொளச்சிருச்சாமேன்னீங்க. யாருங்க சொன்னாங்கன்னு கேட்டா, ஊருல பேசிக்கறாங்கன்னீங்க. ஒரு கொழந்தைக்குப் பல்லு மொளச்சத திருப்பூருல எவன் பேசறான்? பூனை கண்ண மூடிக்கிட்டாப் பூலோகமே இருட்டுன்னு நெனைக்குமாம். பல்லு வரைக்கும் பாக்கறவரு, மண்டபம் மாறினதப் பாக்காம இருப்பாராக்கும்னு இருந்துட்டனுங்க."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என் பெயர் வராமல் பார்க்க நான் பட்ட பாடெல்லாம் என் வாயிலேயே ஒழுகிப் போயிருக்கிறது. மாப்பிள்ளை அந்த ஸ்டோரிகளை ஊருக்குப் போடவில்லை, எனக்குப் போட்டிருக்கிறான். நான் பார்க்கிறேன், ஆனால் பெயர் வராத வழியில் பார்க்கிறேன் என்று தெரிந்தும், இதற்காவது நேராக வருவேன் என்று பார்வையாளர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததில் கோபம் வந்தது. "எந்திரிங்கண்ணா" என்று தங்கமுத்து அண்ணனிடம் உறுமினேன்.

என் மடிக்கு வந்தபோது இனியா விவரமாகிவிட்டிருந்தாள். ஊசி என்றால் என்னவென்று ஒரு காது சொல்லிக் கொடுத்திருந்தது. ஆசாரி கிட்டே வந்ததும் என் மீசையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தலையைத் திருப்பினாள். நான் "ஒண்ணுமில்ல கண்ணு" என்று சொல்ல வாயெடுத்தேன், மீசை வலியில் அலறல்தான் வந்தது. அந்த அலறலில் ஆசாரியின் கை கொஞ்சம் மேலே போய்விட்டது.

மாப்பிள்ளையும் நானும் பேசுகிறோம். பாதி நேரம் சண்டைதான் போடுகிறோம், ஆனால் பேசுகிறோம். தொழில் மட்டும் மறுபடி சேரவில்லை. அந்த மெதுவான தளம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. செய்தியை எனக்குச் சொன்ன செல்வராணியிடம் நான் துக்கம் விசாரிக்கவில்லை.

இனியா இப்போது இரண்டாம் வகுப்பு. போன தீபாவளிக்குப் புதுக் கம்மல் எடுக்க எல்லோரும் நகைக்கடைக்குப் போனோம். கண்ணாடியில் பார்த்தால் ஒரு கம்மல் இறங்கியும் ஒன்று ஏறியும் நின்றது. கடைக்காரர், "இந்த ஓட்டைய அடச்சுட்டுக் கொஞ்சம் கீழ நேராக் குத்திக்கலாமுங்க. ஒரு நிமிஷ வேலைங்க" என்றார். மாப்பிள்ளை உடனே, "குத்தறதுன்னா எங்க மச்சானுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே சொல்லோணுமுங்க" என்றான். கடையே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்குள் இனியா அந்தக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அடைக்கக் கூடாது. இது மாமா லேட்டா வந்த காது" என்றாள்.

மாப்பிள்ளையை அப்புறம் திட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.